பட்டறை வாயில் திறந்த வரலாறு

ஒரு தொழிலை அறிவதற்கு வழிகள் இரண்டு. நூலைப் படித்து அறிவது ஒன்று. செய்து பழகியவர் அருகில் நின்று, கண்டு, கேட்டு, கையால் செய்து அறிவது மற்றொன்று. முதல்வழி பள்ளிக்கூடத்துக்கு உரியது. இரண்டாவது வழி பட்டறைக்கு உரியது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடும்போதுதான் பொறியாளர் பிறக்கிறார். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம் பாட்டிமார் சொல்லி வந்ததும் இதையே அன்றோ?

அந்தமானில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ‘அப்ரெண்டிஸ்’ என்ற சொல் புதியதன்று. ஐ.டி.ஐ. முடித்த மகனோ, டிப்ளமா பெற்ற மகளோ ஓராண்டு தொழில் பழகுநராகச் சேரும்படி கடிதம் வந்தால், வீட்டில் ஒரு விவாதம் எழுவது இயல்பு. “நிலையான வேலை இல்லையே, ஓராண்டு வீணாகுமே” என்பார் ஒருவர். “பெண்பிள்ளையைக் கடல் கடந்து தொழிற்சாலைக்கு அனுப்புவதா?” என்பார் மற்றொருவர். இவ்வையங்கள் தவறானவை அல்ல. எனினும், அந்த ஓராண்டு நம் பிள்ளைகளின் கைக்கு எட்டுவதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை அறிந்த பின் முடிவு செய்தல் நன்று. தொழில் பழகுநர் வரலாறு என்பது எந்திரங்களின் வரலாறு மட்டும் அன்று. பட்டறை வாயிலில் யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதன் வரலாறும் ஆகும். அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

ஒப்பந்தத் தாளின் இரு முகங்கள்

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1563ஆம் ஆண்டு, கைத்தொழிலாளர் பற்றிய சட்டம் ஒன்று பிறந்தது. ஏழாண்டுகள் ஆசானிடம் பழகாத எவரும் அக்காலத்துத் தொழில்களை நடத்தலாகாது என்பது அதன் விதி. பெற்றோரும் ஆசானும் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொள்வர். ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கு ஒரு பாதியை வைத்துக்கொள்வது வழக்கம். பின்னர் வழக்கு எழுந்தால், இரு பாதிகளையும் சேர்த்துப் பல்லோடு பல் பொருந்துகிறதா என்று பார்ப்பர். அவ்வொப்பந்தத்துக்குப் பெயரே பல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததாகும்.

ஏழாண்டுக் கட்டாயம் 1814ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஆயினும் பழகுநர் முறை மறையவில்லை. ஆசானின் சிறு பட்டறையிலிருந்து பெரிய தொழிற்சாலைக்குள் புகுந்தது. ரயில் என்ஜின் கட்டும் தொழிற்சாலைகளில் பணம் கட்டித்தான் சில பிள்ளைகள் தொழில் பழக முடிந்தது. பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸ் என்ற புகழ்பெற்ற பெயரில் பாதிக்கு உரியவரான ஹென்றி ராய்ஸ், இளமையில் பீட்டர்பரோ நகர ரயில்வே பட்டறையில் பழகுநராகச் சேர்ந்தார். கட்டணத்தைக் கட்டியவர் அவருடைய அத்தை. அவ்வம்மையாரின் கைப்பொருள் தீர்ந்ததும், பயிற்சி முடியும் முன்னரே ராய்ஸ் வெளியேற நேர்ந்தது. திறமை உள்ளே இருந்தாலும், பணம் இல்லையேல் வாயில் அடைபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்தச் சொல்லுக்கு மற்றொரு முகமும் உண்டு. அது நம்மவர் வரலாற்றைத் தொடுவது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் விடுதலை பெற்ற அடிமைகள் உடனே உரிமை பெறவில்லை. அவர்களுக்கு ‘அப்ரெண்டிஸ்’ என்று பெயர் சூட்டி, 1838 வரை பழைய முதலாளியிடமே உழைக்கச் செய்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதாமையால் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். மொரீசியசுக்கும், பின்னர் நேட்டாலுக்கும் கப்பலேறிய தமிழர் பலர் இத்தகைய ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்தவர்களே. ஆக, ஒரே வகைத் தாள் ஒருவனைக் கைதேர்ந்த தொழிலாளி ஆக்கிற்று. மற்றொருவனைக் கட்டுண்ட கூலி ஆக்கிற்று. வேற்றுமை யாது? கற்பித்தல் உண்டா, இல்லையா என்பதே வேற்றுமை. கற்பித்தல் இல்லாத பழகுநர் முறை, மலிவான உழைப்பைப் பெறும் சூழ்ச்சி அன்றி வேறன்று. இதனை வாசகர் நினைவில் நிறுத்த வேண்டுகிறோம்.

தமிழகத்துப் பட்டறைகள்

சென்னையில் 1794ஆம் ஆண்டு மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் மாணவர் எண்மர். இச்சிறு பள்ளியே வளர்ந்து, பொறியியற் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக அது விளங்குகிறது. அளவை செய்வோரின் உடன் சென்று பழகிய சிறுவரே அதன் தொடக்கம் என்பது கருதத்தக்கது. கல்லூரிக்கும் முன்னோடி பழகுநர் முறையே!

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அதே காலத்தில் பெரம்பூரில் ரயில்வே பட்டறை எழுந்தது. தெற்கே நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை, 1920களின் இறுதியில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாறிற்று. நாடு விடுதலை பெற்ற பின், 1955 அக்டோபர் 2ஆம் நாள், பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கி வைத்தார். நம் குடியிருப்பிலேயே “என் பாட்டனார் பொன்மலையில் பிட்டர்”, “எங்கள் பெரியப்பா பெரம்பூரில் மோல்டர்” என்று பெருமையோடு சொல்லும் குடும்பங்கள் உண்டு. கொல்லரும் தச்சரும் தம் குலத்தொழிலைத் தந்தையிடம் கற்ற காலம் மாறி, உழவர் வீட்டுப் பிள்ளையும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் ஒரே மேஸ்திரியிடம் ஒரே தொழிலைக் கற்ற இடம் இப்பட்டறைகளே எனலாம். சாதிக் கட்டைத் தளர்த்திய இடங்களுள் பட்டறைக்கும் ஓர் இடம் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. கருவி பிடிக்கும் வேலைக்கு இந்தியரை எடுத்த ரயில்வே, மேற்பார்வை வேலைகளை நெடுங்காலம் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்குமே வைத்திருந்தது. பீகாரின் ஜமால்பூரில், கிழக்கிந்திய ரயில்வேயின் பெரும் பட்டறை 1862 பிப்ரவரியில் தோன்றியது. என்ஜினைப் பழுதுபார்ப்பதோடு நில்லாமல், புதிய என்ஜினையே கட்டும் ஆற்றல் பெற்றிருந்த பட்டறை அது. அங்கே 1888இல் தொழில்நுட்பப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. 1927 முதல் ‘ஸ்பெஷல் கிளாஸ் அப்ரெண்டிஸ்’ என்னும் பயிற்சி அங்கே தொடங்கிய பின்னரே, போட்டித் தேர்வில் வென்ற இந்திய இளைஞர் ரயில்வே எந்திரவியல் அதிகாரிகளாக உயரும் பாதை ஒழுங்காக அமைந்தது. 2015க்குப் பின் அத்தேர்வு நடத்தப்படவில்லை. எனினும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக் காலம் நாட்டின் தலைசிறந்த பயிற்சிகளுள் ஒன்றாக அது திகழ்ந்தது.

நம் தீவுகளின் பட்டறைகள்

இனி நம் தீவுகளுக்கு வருவோம். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் முதற் குடியேற்றத்தை அமைத்த சாத்தம் தீவிலேயே, 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்திறங்கினார். சிறைக்குடியேற்றம் என்பதால் வீடும் படகும் வண்டியும் பாத்திரமும் இங்கேயே ஆக வேண்டியிருந்தது. பீனிக்ஸ் பே பகுதியில் பட்டறைகள் எழுந்தன. மரவேலை, இரும்புவேலை, எந்திரவேலை முதலியவற்றைக் கைதிகள் செய்தனர். தொழில் அறியாதார் அங்கே பழகினர். 1883இல் சாத்தம் மர அறுவை ஆலை தொடங்கிற்று. படாக்கும் குர்ஜனும் அங்கே பலகைகளாயின. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் அவ்வாலையின் வளாகத்தில் காணலாம்.

இப்பட்டறைகளில் பழகிய கைதிகளை எவரும் “விருப்பமா?” என்று கேட்டதில்லை. ஆணை வந்தது, அவர்கள் சுத்தியலைப் பிடித்தனர். வேறிடங்களில் பட்டறைக்குள் நுழைய முடியாமல் மக்கள் ஏங்கி நின்ற காலத்தில், இங்கே பட்டறையை விட்டு வெளியேற முடியாமல் மக்கள் ஏங்கினர். அக்குடியேற்றம் 1945இல் ஒழிந்தது. இன்று பீனிக்ஸ் பேயில் கப்பற் பழுதுபார்க்கும் தளம் இருக்கிறது. நம் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களின் உயிர்நாடி அது. கைதியின் கட்டாயப் பட்டறை இருந்த நிலத்தில், இன்று உரிமையுள்ள குடிமக்கள் ஊதியம் பெற்று உழைக்கின்றனர். நம் பிள்ளைகள் இம்மாற்றத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

ஜமால்பூருக்குச் சென்ற அம்மையார்

நம் தீவுகள் ஜப்பானியர் ஆட்சியின் கொடுமையில் அகப்பட்டிருந்த 1942 முதல் 1945 வரையிலான காலத்தில், சென்னையில் ஓர் அரிய செயல் நிகழ்ந்தது. இக்கட்டுரையின் நடுநாயகம் அதுவே.

அய்யலசோமயாஜுல லலிதா என்னும் அம்மையார் 1919 ஆகஸ்ட் 27ஆம் நாள் சென்னையில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதில் திருமணம் ஆயிற்று. பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை இருக்க, கணவரை இழந்தார். அந்நாளில் கைம்பெண்ணுக்கு ஊரும் உறவும் விதித்த வாழ்வு எத்தகையது என்பதை நம் வீட்டுப் பெரியோர் நன்கு அறிவர். அவ்வாழ்வை ஏற்க அவர் மறுத்தார். மீண்டும் படிக்கத் துணிந்தார். இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பை முதல்தரத்தில் முடித்தார்.

மருத்துவம் படிக்கப் பெண்களுக்கு அப்போதே வழி இருந்தது. ஆனால் வேளைகெட்ட வேளையில் குழந்தையை விட்டு ஓட வேண்டிய தொழில் தமக்கு இசையாது என்று கருதி, பொறியியலை நாடினார். கிண்டியிலோ அதுவரை பெண் எவரும் பயின்றதில்லை. தந்தையார் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், கல்வித்துறை இயக்குநர் ஆர். எம். ஸ்டாத்தமின் ஒப்புதலும் கிடைத்தது. 1940இல் லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். ஆண்கள் நூற்றுக்கணக்கில் பயின்ற கல்லூரியில் ஒரே பெண்! அடுத்து, பெண்களும் சேரலாம் என்று கல்லூரி அறிவிக்க, பி. கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்னும் இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். போர்க்காலத் தேவையால் படிப்பின் காலம் குறைக்கப்பட்டதால், மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பட்டம் பெற்றனர். பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர். பெண் ஒருவர் அச்சான்றிதழைப் பெறக்கூடும் என்று அச்சிட்டவர் எண்ணிப் பார்த்ததே இல்லை!

ஏட்டுப் படிப்பு முடிந்தால் போதாது; செய்முறைப் பயிற்சியும் வேண்டும். அதற்காக லலிதா அம்மையார் ஓராண்டு ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பழகுநராக இருந்தார். சென்னையில் பிறந்து வளர்ந்த ஒரு கைம்பெண், மொழி வேறான பீகாரில், கரியும் எண்ணெயும் படிந்த பட்டறையில், ஆயிரக்கணக்கான ஆண் தொழிலாளர் நடுவே ஓராண்டு பயின்றார் என்றால், அத்துணிவை அளக்கக் கருவி ஏது?

அந்த ஓராண்டில் என்ன நிகழும்?

பட்டறைப் பழகுநரின் முதற்பாடம் பெரும்பாலும் அரமும் இரும்புத் துண்டுமே. வைஸில் துண்டை இறுக்கி, அரத்தால் தேய்த்துச் சமதளம் ஆக்க வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. புதியவன் கை முன்னே தள்ளும்போது தாழ்ந்தும் உயர்ந்தும் ஆடும்; இரும்பின் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் சரிவாகவும் அமையும். சமமான பலகைத் தட்டில் நீலச்சாயம் பூசி, துண்டை அதன்மேல் வைத்து இழுத்தால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அவ்விடத்தை மீண்டும் தேய்க்க வேண்டும். நாள்கள் பல கழியும். ஒருநாள் நீலம் எங்கும் பரவலாக ஒட்டும். அன்றுதான் கைக்கு நேர்மை வந்தது என்று மேஸ்திரி ஒப்புவார்.

அடுத்து அளவு. மைக்ரோமீட்டர் என்னும் கருவியின் திருகில் ஓர் அங்குலத்துக்கு நாற்பது சுற்றுகள். சுற்றுப் பிடியில் இருபத்தைந்து கோடுகள். ஆகவே ஒரு கோடு நகர்ந்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்ததாகும். இக்கணக்கைப் புத்தகத்தில் அரை நிமிடத்தில் அறியலாம். ஆனால் திருகை எவ்வளவு இறுக்கினால் அளவு மெய்யாகும், எவ்வளவு மிகுந்தால் பொய்யாகும் என்பதை விரல்தான் அறிய வேண்டும். பின்னர்க் கடைசல் எந்திரம், கொல்லுலை, வார்ப்பட்டறை, கொதிகலன் பகுதி, என்ஜினைப் பூட்டும் பகுதி என்று ஒவ்வொன்றாகப் பழகுவதே ரயில்வே பட்டறை மரபு.

இவ்வாறு பழகியவர் பின்னாளில் வரைபடம் வரையும்போது, அதைச் செய்யப்போகும் தொழிலாளியின் கை அவர் கண்முன் நிற்கும். எட்டாத இடத்தில் திருகாணியை வையார். வார்க்க முடியாத மூலையை வரையார். தொழிலாளியின் வியர்வையை அறிந்த அதிகாரி அவரைத் தாழ்வாக எண்ணவும் மாட்டார். பட்டறை ஓராண்டு தரும் பயன்களுள் இதுவே தலையாயது என்பது எம் கருத்து.

பின்னர் நிகழ்ந்தவை

லலிதா அம்மையார் 1944இல் சிம்லாவில் மத்தியத் தர நிறுவனத்தில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்தார். சிறிது காலம் தந்தையாரின் ஆராய்ச்சிகளில் துணைநின்றார். 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பெரிய ஆங்கில நிறுவனத்தில் பொறியாளரானார். மின்செலுத்து வழிகள், துணை மின்நிலையங்களின் அமைப்பு, காப்புக் கருவிகள் ஆகியவை அவர் வடிவமைத்தவை. பக்ரா நங்கல் அணைத்திட்டத்தின் மின்னாக்கிப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அந்நிறுவனத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லத்தக்கது. அதன் முதன்மைக் கிளைகளுள் ஒன்று மான்செஸ்டர் நகரத்து மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ். பட்டதாரிகளைப் பழகுநராகச் சேர்த்துப் பட்டறை பட்டறையாகப் பயிற்றுவதில் உலகப் புகழ் பெற்றது அது. 1932இல் வால்டனோடு சேர்ந்து அணுக்கருவைப் பிளந்து, 1951இல் நோபல் பரிசு பெற்ற ஜான் காக்ராஃப்ட், இளமையில் அங்கே பழகுநராக இருந்தவரே. விஞ்ஞானிக்கும் பட்டறை இழிவன்று என்பதற்கு இது சான்று.

லண்டன் மின்பொறியாளர் கழகம் லலிதா அம்மையாரை 1953இல் இணை உறுப்பினராகவும், 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964இல் நியூயார்க்கில் கூடிய முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார். 1977இல் ஓய்வு பெற்று, 1979 அக்டோபரில் அறுபதாம் வயதில் மறைந்தார். மறுமணம் செய்யாமல், உடன்பிறந்தார் குடும்பங்களின் துணையோடு மகளை வளர்த்து ஆளாக்கினார். அவருக்குப் பின் கிண்டியில் சேர்ந்த திரேசியா அம்மையார் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

இவ்வரலாற்றைப் போற்றும்போதே ஒரு வினாவும் எழ வேண்டும். லலிதா அம்மையாருக்குக் கல்லூரி வாயில் திறந்தது எங்ஙனம்? அவர் தந்தையார் உள்ளே இருந்தார். பேசுவதற்கு ஆள் இருந்தது. அவருடைய திறமையையோ துணிவையோ இது குறைக்காது. ஆனால் உள்ளே ஆள் இல்லாத பெண்கள் எத்தனை பேர் அதே காலத்தில் வெளியே நின்று போயிருப்பர்? ராய்சுக்கு ஓர் அத்தை; லலிதாவுக்குத் தந்தை. அத்தையும் தந்தையும் இல்லாதவர்க்கு யார்?

சட்டம் திறந்த வாயில்

இவ்வினாவுக்கு விடுதலை பெற்ற நாடு அளித்த மறுமொழியே 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம். அது 1962 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட தொழில்களை நடத்தும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்துப் பயிற்ற வேண்டும் என்பது அதன் சாரம். தொடக்கத்தில் தொழிற்பயிற்சி நிலைய மாணவர் போன்றோர்க்கே இச்சட்டம் பயன்பட்டது. 1973இல் திருத்தப்பட்டபின், பட்டம், டிப்ளமா பெற்ற பொறியாளரும் இதனுள் வந்தனர். உறவினர் சிபாரிசால் பெற்ற வாய்ப்பு, சட்டத்தின் வழியே கேட்டுப் பெறும் வாய்ப்பாயிற்று.

சட்டத்துக்கு முன்னும் பின்னும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பழகுநராகி உயர்ந்த வரலாறுகள் பல உண்டு. ஒன்றை மட்டும் சொல்வோம். இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஒருவரின் மகன், சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேரப் பணமின்றி நின்றபோது, அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தார். படிப்பு முடிந்ததும் அவ்விளைஞர் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, விமான என்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் குழுவில் பழகினார். அவர் பெயர் அப்துல் கலாம். 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

நிற்க. சட்டம் தரும் பாதுகாப்பையும் அதன் எல்லையையும் நம் குடும்பங்கள் அறிதல் நலம். சட்டத்தின் பார்வையில் பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். ஆகவே தொழிலாளர்க்குரிய சட்டங்கள் எல்லாம் அவருக்குப் பொருந்தா. பயிற்சி முடிந்தபின் வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும், ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதப்பட்டாலன்றி, நிறுவனத்துக்கு இல்லை. ஆயினும் உதவித்தொகை பெறும் உரிமை உண்டு. உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கான தொழிற்சாலை விதிகள் பழகுநர்க்கும் பொருந்தும். வேலையில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு. உரிய அதிகாரியின் ஒப்புதல் இன்றி மிகைநேர வேலை வாங்கலாகாது. பயிற்சி எவ்வளவு நடந்தது என்பதற்குப் பதிவேடு வைக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை.

இவையெல்லாம் ஏன் வேண்டும் என்பது, மேலே கண்ட ஒப்பந்தத் தாளின் இரண்டாம் முகத்தை நினைத்தால் விளங்கும். தேநீர் வாங்கி வரவும், தாள்களைப் படியெடுக்கவும், மூட்டை தூக்கவும் மட்டும் ஒரு பழகுநரை ஓராண்டு வைத்திருந்தால், அது கற்பித்தல் அன்று. பெயர் மாறிய கூலியே ஆகும். பழகுநரும் கேட்க வேண்டும். பெற்றோரும் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

நம் தீவுகளில் படிப்பதற்கு இன்று இடம் உண்டு. டாலிகஞ்சில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. ஆனால் பெருந்தொழிற்சாலைகள் இங்கே மிகக் குறைவு. கப்பல் தளம், மின்துறை, பொதுப்பணித்துறை போன்ற சிலவே பழகுவதற்கு உரிய இடங்கள். ஆகவே பெருந்தொழிற்சாலையில் பழக விரும்பும் பிள்ளை சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ கடல் கடந்தாக வேண்டும். பட்டம், டிப்ளமா பெற்றோர்க்கான பயிற்சி வாரியங்கள் நாட்டில் நான்கு. அவற்றுள் நம் தீவுகள் கொல்கத்தாவில் உள்ள கிழக்கு மண்டல வாரியத்தைச் சார்ந்தவை. தமிழகத்துக்கு உரியது சென்னை வாரியம். எங்கே பதிவு செய்வது என்று அறியாமலே பலர் ஆண்டை இழக்கின்றனர்.

போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அழைத்து, 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள இந்நகரில், நம்மவர் பலர் உள்ளே ஆள் இல்லாத குடும்பத்தினர். பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளிகள் ஒருபுறம். இலங்கையிலிருந்து மீண்டு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியோர் ஒருபுறம். நம் பிள்ளைக்காக முதல்வரிடம் பேசத்தக்க பேராசிரியத் தந்தையர் நம்மிடையே எத்தனை பேர்? அந்தத் தந்தையின் இடத்தைச் சங்கம் ஏற்கலாம். கடல் கடந்து செல்லும் பிள்ளைக்கு அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்தாருக்கு ஒரு கடிதம்; பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பான விடுதி பற்றிய விசாரிப்பு; விண்ணப்பத்தை நிரப்பவும் ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்லவும் ஒரு மாலை வேளை. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பணிமூப்புப் பெற்ற நம் பெரியோர் சிலர் மனம் வைத்தால் போதும்.

“ஓராண்டு வீணாகுமே” என்று ஐயுறும் பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம். கற்பித்தல் உள்ள இடமாயின், அவ்வோராண்டு வீணாகாது; கையில் தங்கும். கற்பித்தல் இல்லாத இடமாயின், ஒரு திங்களும் அங்கே இருத்தல் வேண்டா. “பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?” என்று தயங்கும் பெற்றோர்க்கும் ஒன்று சொல்வோம். எண்பது ஆண்டுகளுக்கு முன்னர், இன்றுள்ள தொலைபேசியும் விமானமும் சட்டமும் இல்லாத நாளில், கைம்மையின் துயரையும் தாய்மையின் பொறுப்பையும் தாங்கிய ஒரு பெண் ஜமால்பூர்ப் பட்டறைக்குள் நடந்து சென்றார். அவர் திறந்த வாயில் இன்னும் திறந்தே இருக்கிறது. அதனுள் நம் மக்களை அனுப்பி வைப்பது நம் கடமை.